பீ-யுன்னுக்குக் குடை பிடித்தேன்

சாங்ஹுவா,
மார்ச் 21

அன்புள்ள தம்பி பாங்-சுவானுக்கு, அக்கா யுவே-சியா எழுதுவது. நான் நலமாகத்தான் இருக்கிறேன். வான்கூவரில் பனி விட்டதா? உன் மனைவியின் இருமல் எப்படி இருக்கிறது? நீ அனுப்பிய மேப்பிள் பாகைத் திறந்த அன்றே எறும்பு மொய்த்துவிட்டது. மூடியை இறுக்கி மூடாதது என் தப்புதான்.

போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆத்திரத்தில் வாயில் என்னென்னவோ வரும். அதனால் எழுதுகிறேன்.

மலைச்சரிவு இடுகாட்டைக் காலி செய்யப்போகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? வாரிசு வராத கல்லறைகளை இயந்திரம் வைத்துத் தோண்டி, எலும்புகளை மூட்டை கட்டி ஒரே அறையில் போட்டுவிடுவார்களாம். அதற்குள் குடும்பங்களைத் தேடிப் பிடிக்கத்தான் நாங்கள் சிலர் அங்கே போய் வருகிறோம். கல்லைக் கழுவி, மாவு தூவி, எழுத்தைப் படித்துப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுவோம். பார்த்துவிட்டு யாராவது அழுதுகொண்டே கூப்பிட்டால் அன்றைக்கு எங்களுக்குச் சாப்பாடே வேண்டாம்.

அப்படித்தான் ஷி குடும்பம் கிடைத்தது. காலுறை ஆலை வைத்திருக்கும் அந்த ஷிதான். அவனுடைய தாத்தாவின் கல்லறை. பக்கத்திலேயே ஒட்டினாற்போல் சின்னதாக இன்னொன்று, தாத்தாவின் மகள் பீ-யுன். கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள். நான் பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டு, இரண்டு பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று அவனுக்குப் படம் அனுப்பினேன்.

எலும்பு எடுக்கும் நாளில் மூன்று காரில் வந்து இறங்கினார்கள். பன்றித்தலை, கோழி, பழம் என்று தாத்தாவுக்குப் பெரிய படையல். எலும்பு எடுப்பவர் குழிக்குள் இறங்கியதும், வெயில் எலும்பில் படாமல் மூத்த பேரன் கறுப்புக் குடை பிடித்தான். கால் எலும்பிலிருந்து தலைவரை வரிசையாக ஜாடிக்குள் உட்காரவைத்து மூடினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது அத்தைதானே என்று கேட்டேன். ஷி என்னை ஏற இறங்கப் பார்த்தான். “தாத்தா எங்களோடது. அது சும்மா பக்கத்துல கிடக்குது” என்றான். அது! அவன் மனைவி என்னைத் தனியாக இழுத்துப் போய், “அந்த அத்தைதான்க்கா இவருக்குச் சோறு ஊட்டி வளத்தாங்க. ஆனா கல்யாணம் ஆகாத பொம்பளைய அப்பா வீட்டு வரிசைல வெச்சா பேரப்புள்ளைங்களுக்கு ஆகாதாமே. உங்களுக்குத் தெரியாததா?” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், என்னைப் போல் கல்யாணம் ஆகாதவளிடமே சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஓடிப்போய்க் காரிலிருந்து ஒரு பை காலுறை கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

பார்த்தாயா, தம்பி? ஊட்டிய கை எலும்பாகக் கிடக்கிறது, இவர்கள் எனக்குக் காலுறை கொடுக்கிறார்கள்.

எங்கள் குழுத் தலைவர் கோ இருக்கிறாரே, பள்ளிக்கூடத்தில் ஒழுக்கப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், அவர் என்ன செய்தார் தெரியுமா? ஷி கேட்டுக்கொண்டான் என்று பீ-யுன்னின் படத்தை இணையத்திலிருந்தே எடுத்துவிட்டார். “குடும்ப விஷயம்மா, நமக்கெதுக்கு வம்பு?” என்றார். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் எல்லோருக்கும் ஷி தொப்பி வாங்கிக் கொடுத்திருந்தான். நான் தொப்பியைக் கழற்றி அவருடைய ஸ்கூட்டர்மேல் வைத்தேன், காலுறைப் பையையும் சேர்த்து.

நானே எடுத்துக்கொள்ளலாமா என்று ஷியிடம் நேராகக் கேட்டேன். “தாராளமா எடுத்துட்டுப் போங்க. எங்க பேரு மட்டும் வெளிய வரக் கூடாது” என்று சொல்லிவிட்டு விருந்துக்குப் போய்விட்டான். கறுப்புக் குடையும் அவர்களோடு போய்விட்டது.

எலும்பு எடுப்பவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “என்னக்கா, குடை பிடிக்க ஆள் இல்லாம நான் இறங்க மாட்டேன்” என்றார். என்னிடம் இருந்தது அரிசிக் குக்கர் வாங்கியபோது இனாமாகக் கொடுத்த ரோஜா நிறக் குடைதான். அதைத்தான் விரித்துப் பிடித்தேன். “நல்லாத்தான் இருக்கு, கல்யாணப் பொண்ணுக்குப் புடிச்ச மாதிரி” என்று அவர் கேலி செய்தார். சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். மெல்லிய எலும்புகள். பல்லெல்லாம் அப்படியே இருந்தது.

இப்போது பீ-யுன் சந்தைக்குப் பின்னால், கல்யாணம் ஆகாமல் இறந்த பெண்களை வைக்கும் கன்னிகள் கோயிலில் இருக்கிறாள். சுத்தமான இடம். சாம்பிராணி வாசம், சுற்றிலும் அவளைப் போன்றவர்கள். ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அப்பா இருந்தவள் எதற்கு அந்நியர் நடுவே இருக்க வேண்டும்?

நேற்று ஓட்டுக் கூரையைச் சரிசெய்ய ஆள் வந்தான். அம்மா படுத்திருந்த அறையில் இப்போது ஒழுகவில்லை.

போன வருடம் அப்பா அம்மா ஜாடிகளை அஸ்திக் கோபுரத்துக்கு மாற்றினோமே, அன்றைக்கு நடந்ததைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ வாங்கிய மாடங்களை விரல் நீட்டிக் காட்டினாய். இது அப்பாவுக்கு, இது அம்மாவுக்கு, இது எனக்கு, இது என் மனைவிக்கு, இது பையன்களுக்கு என்றாய். நான் ஊதுபத்தியோடு உன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். பயணக் களைப்பில் என்னை மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் குடையெல்லாம் வேண்டியிருக்காது. இப்போது எல்லோரையும் எரித்துவிடுகிறார்கள்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெண் நல்லவள். பீ-யுன்னின் ஜாடியைத் துடைத்து வைத்துவிட்டு, “பக்கத்து இடம் காலியாத்தான் இருக்கு, உங்க பேர்ல போட்டு வெச்சுக்கவாக்கா?” என்று சாதாரணமாகக் கேட்டாள். தம்பியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் உன் வாயால் சொல், உன் மனைவியைவிட்டுச் சொல்லாதே.

நீயும் உன் பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ வேண்டும். பனியில் பார்த்து நட.

உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போன
அக்கா யுவே-சியா