கோணலாக நின்ற குதிரை

நேப்பிள்ஸ்,
31 மார்ச் 1964

அன்புள்ள மகன் ஃபெலிச்சேவுக்கு,

நேற்று சதுரங்கத்தில் காத்தெல்லோ மாஸ்டரை ஜெயித்துவிட்டேன். உன் கல்யாண சூட்டை அவர்தான் தைக்கிறார். முதலில் இதைச் சொல்லாவிட்டால் பேனா நகராது, அதனால் நலம் விசாரிப்பது இரண்டாவது வரிக்குப் போய்விட்டது. நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஈஸ்டர் விருந்துக்கு இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்றாள், பிறகு யாரையும் உட்காரவிடாமல் திட்டினாள், அதிலிருந்தே அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள். டொரன்டோவில் இன்னும் பனி என்று எழுதியிருந்தாய், கம்பளி பனியனைக் கழற்றாதே. மருமகளாக வரப்போகிற மாரீனையும் அவள் வீட்டாரையும் கேட்டதாகச் சொல்.

போன கடிதத்தில் நீ எழுதியது எனக்கு மனப்பாடம். லீவு கிடைக்காது, கல்யாணத்துக்கு இங்கேயே ஒரு ரெடிமேட் சூட் வாங்கிக்கொள்கிறேன், காத்தெல்லோ மாஸ்டர் தைத்துத் தருவதாக இருந்தால் மட்டும் நேப்பிள்ஸுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அது நடக்காது என்கிற தைரியத்தில்தானே எழுதினாய்? ஆறு வருஷமாக உன் முகத்தைப் பார்க்காத அம்மா அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தாள். வா வா என்று கெஞ்ச எனக்கு வராது. ஆனால் பேரம் பேச வரும்.

மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். கடைக்குள் ஏழு பேர் இருக்கும்போதே சொன்னார், "தோள்ல பஞ்சை அடைச்சு, நூத்துக்கணக்குல கோட்டு விக்கிற ஆளு நீ. உம் பையனுக்கும் அதுலயே ஒண்ணை மாட்டிவிட வேண்டியதுதானேய்யா" என்று. நான் கோபப்படவில்லை. சதுரங்கத்துக்குக் கூப்பிட்டேன். நான் ஜெயித்தால் அவர் உன் சூட்டைத் தைக்க வேண்டும், தோற்றால் அவர் கடைக்கு எதிரே என் ரெடிமேட் கடைக் கண்ணாடிக்குள் கோட்டு மாட்டி நிற்கிற ஆறு பொம்மைகளையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். இருபது வருஷமாக அந்தப் பொம்மைகளைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு வயிற்றுப்புண்ணே வந்தது. உடனே சரி என்றார்.

நேற்று விடுமுறை, துணி வெட்டும் மேஜைமேல் பலகையை விரித்தோம். பார்பர் மீமியும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள். ஆட்டத்தில் அவர் என்னைவிடப் பெரிய கை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எந்த வியாபாரத்திலும் சரக்கைப் பார்ப்பதற்குமுன் ஆளைப் பார்ப்பேன். கோணலாக எது இருந்தாலும் அவர் கை சும்மா இருக்காது, முன்பின் தெரியாதவன் டையைக்கூடத் தெருவில் நிறுத்தி நேராக்குவார். அதனால் கோட்டின் மூன்றாவது பட்டனை, இந்த ஊரில் ஒருவரும் போடாத அந்தக் கடைசி பட்டனை, போட்டுக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தேன். பத்தாவது நகர்த்தலுக்குள் கத்தினார், "யோவ் அனியெல்லோ, அந்தப் பட்டனைக் கழட்டித் தொலைய்யா, கண்ணு எரியுது!" "குளிருது மாஸ்டர்" என்றேன். மீமி, "வெயில் மண்டையைப் பொளக்குது, இவருக்குக் குளிருதாம்" என்றான்.

அப்படியும் ஆட்டத்தில் அவர் கைதான் ஓங்கியிருந்தது. அப்போது என் குதிரையை அவர் ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ராஜாவை மறைத்து நின்ற சிப்பாயால் அதை வெட்டலாம். வெட்டினால் என் சிப்பாய் திருப்பி வெட்டும், என் யானைக்கு நேர்வழி திறந்துவிடும். அது அவருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே வேறு காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நான் அந்தக் குதிரையைக் கட்டத்தின் நடுவில் வைக்கவில்லை, பாதி பக்கத்துக் கட்டத்தில் ஏறும்படி, மூஞ்சி மூலையைப் பார்க்க வைத்தேன். அவர் கன்னத்தைச் சொறிந்தார், கண்ணாடியைத் துடைத்தார், கடைசியில் அந்தக் கை தானாக நீண்டது, இரண்டு விரலால் குதிரையைப் பிடித்து நடுவில் நிறுத்தி முகத்தைத் திருப்பி வைத்தது. "சரிசெய்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும், சொல்லாமல் எதிராளி காயைத் தொட்டால் வெட்டியே ஆக வேண்டும். போன வருஷம் ஒரு நீதிபதியையே இந்த விதியைச் சொல்லி ராணியை இழக்க வைத்தவர் இவர்.

மீமி "தொட்டாச்சு!" என்று கூவினான். மாஸ்டர் முகம் வெளுத்தது. சின்ன விஷயம், விட்டுவிடலாம் என்று யாரோ சமாதானம் சொல்ல வந்தார்கள். "வாயை மூடுங்கடா. தொட்டது நான், வெட்டறதும் நான்தான்" என்றார். கழுத்துப்பட்டியை ஒருமுறை சரிசெய்துகொண்டு சிப்பாயால் குதிரையை வெட்டினார். இந்த ஆட்டமும் நல்ல கோட்டும் ஒரே ஆளுக்குப் பிடிப்பது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. விதி எல்லாருக்கும் ஒன்று, கட்டமும் காயும் எல்லாருக்கும் ஒன்று, கோட்டுக்கும் இரண்டே கைதான். அதற்குள் ஒருத்தன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் அவனுடையது. அதிலிருந்து ஆறாவது நகர்த்தலில் செக்மேட் சொன்னேன்.

"குதிரையை வேணும்னே கோணலா வச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், அவரிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கோணல்னா என்னன்னு உனக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. இத்தனை வருஷமா தெரியாமத்தான் நீ அந்தக் கோட்டுகளை விக்கிறேன்னு நெனச்சேன், பாவி" என்றார். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். அம்மாவிடம் வந்து சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, நேராகப் போய் உன் கட்டில் விரிப்பை மாற்றினாள்.

மகனே, நீயும் மாரீனும் குறைவில்லாமல் வாழ வேண்டும், மாதா உங்களைக் காக்கட்டும். லீவு கேட்க வெட்கப்படாதே. அளவைத் தபாலில் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே, எதிரில் நிற்காத உடம்புக்கு மாஸ்டர் கத்தரிக்கோலைத் தொடமாட்டார். பேசி முடித்தது இதுதான்: துணி என்னுடையது, கூலி எண்பதாயிரம் லிரா, ஒரு லிராகூடக் குறையாது, மே நான்கு, பன்னிரண்டு, இருபது என்று மூன்று தடவை போட்டுப் பார்க்க வேண்டும், மூன்றுக்கும் நீ நேரில் வந்து நிற்க வேண்டும்.

உன் அப்பா,
அனியெல்லோ