கைமாறினால் பாதியாகும் விடுமுறை உரிமை

அனுப்புநர்
க. ரெங்கம்மாள் (வயது 63),
க/பெ கருத்தக்கண்ணன்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
டி. கல்லுப்பட்டி, பேரையூர் வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: வெண்முகில் ஹாலிடே கிளப் என்னும் தனியார் நிறுவனம், உறுப்பினர் உரிமையை விலைக்கு வாங்கியவர்களின் சலுகைகளைப் பின்தேதியில் பறித்தது – அதனால் மறுவிற்பனை மதிப்பு வீழ்ந்தது – வீழ்ந்த விலைக்கு அந்நிறுவனமே வாங்கி மீண்டும் முழுச் சலுகையுடன் விற்பது – விசாரித்து நடவடிக்கை எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. நிறுவனத்தின் பெயர் மாற்றக் கடிதம், நாள் 18.06.2024.
2. நிறுவனத்தின் சுற்றறிக்கை, நாள் 02.01.2025.
3. நிறுவனத்தின் சமரசக் கடிதம், நாள் 15.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த விவகாரத்தில் பொருளை விற்றவள் நான். வாங்கியவர் மதுரை வில்லாபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கும் திரு. அப்துல் அலீம். பொதுவாக வாங்கியவர்தான் புகார் கொடுப்பார். விற்ற நான் முதலில் கையெழுத்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. அதைக் கீழே வரிசையாகச் சமர்ப்பிக்கிறேன்.

1. 2011ஆம் ஆண்டு மதுரையில் நடந்த ஒரு பொருட்காட்சியில், பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். போட்டேன். பரிசு விழுந்திருப்பதாக அழைத்து, என்னையும் என் கணவரையும் ஓர் ஓட்டலில் மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பேசினார்கள். ஆண்டுக்கு ஏழு நாள் வீதம் இருபத்தைந்து ஆண்டுகள், அவர்களுடைய எந்த விடுதியிலும் ஆறு பேர் தங்கலாம், மே மாதமும் பண்டிகை நாட்களும் உட்பட எப்போது வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்றார்கள். டைம்ஷேர் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். என் வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கட்டினேன். வேண்டாமென்று விற்கும் நாள் வந்தால் எல்லா உரிமையோடும் வேறொருவருக்கு விற்றுக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தத்தின் பதினொன்றாம் பிரிவில் அச்சிடப்பட்டுள்ளது.

2. உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் பதின்மூன்று ஆண்டுகள் அந்த நிறுவனத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பருத்திக் காட்டை விட்டு ஒரு நாள்கூட நகராத என் கணவர் கொடைக்கானலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏழு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து, மலைக்குளிர் ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு ஆண்டு உரிமை மீதமிருந்தது. விற்கலாமென்று முடிவு செய்தோம்.

3. எங்கள் கிணற்று மோட்டார் எரிந்தால், திருமங்கலத்தில் கடைகள் இருந்தும், என் கணவர் அதை வில்லாபுரம் வரை கொண்டுபோவார். அலீம் கட்டிய காயில் சீக்கிரம் போகாது என்பது அவர் கணக்கு. அப்படி ஒரு நாள் கடையில் பேச்சு வந்தது. அலீமின் மகன் நஜீம் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையான மே மாதத்தில்தான் வருவார். அந்த முப்பது நாளில் ஒரு வாரமாவது குடும்பம் முழுவதும் ஓரிடத்தில் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது அலீமின் மனைவி சைனபின் நெடுநாள் ஆசை. என்னென்ன சலுகை உண்டு என்று அந்த அம்மாள் என்னிடம் தொலைபேசியில் கேட்டார். மே மாதம் உண்டு, ஆறு பேர் தங்கலாம், எந்த விடுதியும் கிடைக்கும் என்று நான்தான் என் வாயால் சொன்னேன். ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு விலை முடிந்தது. நிறுவனம் பதினைந்தாயிரம் கட்டணம் பெற்றுக்கொண்டு, "அனைத்து உரிமைகளும் சலுகைகளும் மாற்றப்படுகின்றன" என்று எழுதி, முத்திரையிட்டுப் பெயர் மாற்றக் கடிதம் கொடுத்தது (பார்வை 1).

4. அலீம் 2024 அக்டோபரிலேயே அடுத்த மே மாதத்துக்குப் பதிவு செய்தார். பதிவு உறுதி என்று பதிலும் வந்தது. 14.05.2025 அன்று அவரும் மனைவியும், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளும் ஒரு வண்டி பிடித்துக் கொடைக்கானல் போய்ச் சேர்ந்தனர். வரவேற்பு மேசையில் இருந்தவர் கணினியைப் பார்த்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும் சொன்ன வார்த்தைகளை அலீம் சொன்னபடியே தருகிறேன்: "சார், நீங்க செகண்ட் ஹேண்ட் மெம்பர். உங்களுக்கு மே மாசம் கிடையாது. ரெண்டு பேருக்கு மேல தங்கவும் முடியாது."

ஜனவரியில் சுற்றறிக்கை வந்துவிட்டதாம் (பார்வை 2). விலைக்கு வாங்கியவர்கள் இனி "இணை உறுப்பினர்". அவர்களுக்கு மே, டிசம்பர் இல்லை. சனி, ஞாயிறு இல்லை. வேறு விடுதி இல்லை. இருவருக்கு மேல் அனுமதி இல்லை. ஆனால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் மட்டும் ஒரு ரூபாயும் குறையவில்லை. அதை அலீம் பிப்ரவரியில் முழுமையாகக் கட்டியிருந்தார். அந்தப் பணத்தை வாங்கும்போது ஒருவரும் இந்தச் சேதியைச் சொல்லவில்லை. சுற்றறிக்கையைக் கைப்பேசிச் செயலியின் ஒரு மூலையில் போட்டுவிட்டு, தெரிவித்தாயிற்று என்கிறார்கள்.

தங்க வேண்டுமானால் நாளொன்றுக்குப் பதினோராயிரம் தனியே கட்டச் சொன்னார்கள். நஜீம் கட்டிவிடலாம் என்றார். சைனப் சம்மதிக்கவில்லை. இரண்டு மணி நேரம் அந்த வரவேற்பறைச் சோபாவிலேயே இருந்து பார்த்தார்கள். கொண்டுபோன சாப்பாட்டை அங்கே பிரிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். சீசன் நேரம் என்பதால் ஊருக்குள் எந்த லாட்ஜிலும் அறை கிடைக்கவில்லை. வளைவுக்கு வளைவு சின்னப் பிள்ளை வாந்தியெடுக்க, அன்றைக்கே மலையிறங்கினார்கள்.

5. மூன்றாம் நாள் அலீம் கல்லுப்பட்டிக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"அக்கா, இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஐயா, முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். ஊசி போட்டால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரண்டு நாளில் தணியும் என்று நான் சொன்னால் தாய்மார்கள் பிள்ளையை நீட்டுவார்கள். சொன்னபடியே நடந்ததால் நீட்டினார்கள். அப்படிப்பட்ட என்னிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. அடுத்த மாதம் எங்கள் மோட்டார் மறுபடி எரிந்தது. என் கணவர் முதல் முறையாக அதைத் திருமங்கலத்துக்குக் கொண்டுபோனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

6. பைபாஸ் சாலையில் உள்ள அந்நிறுவனத்தின் கிளைக்கு நான்கு முறை போனேன். முதல் இரண்டு முறை மேலாளர் இல்லை என்றார்கள். மூன்றாம் முறை சந்தித்தேன். விற்றதை ரத்து செய்து என் பெயருக்கே மாற்றுங்கள், அலீம் கொடுத்த தொகையை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். அதற்கு அவர், "திரும்ப உங்க பேருக்கு வந்தாலும் நீங்க இணை உறுப்பினர்தாம்மா. ஒரு தடவை கை மாறுனா மாறுனதுதான்" என்றார். சரி, வெளியில் யாருக்காவது விற்கலாமா என்றேன். "இப்ப யாரு வாங்குவா? கம்பெனிக்கே குடுத்துருங்க. இருபத்தி ரெண்டாயிரம் தாரோம்" என்றார்.

அதே நேரத்தில், பக்கத்து மேசையில் புதிதாகத் திருமணமான ஒரு தம்பதிக்கு ஒரு துண்டறிக்கையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்று கேட்டு வாங்கினேன் (இணைப்பு 4). "மீதமுள்ள பதினோரு ஆண்டுகள், மே மாதம் உட்பட முழுச் சலுகை, ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மட்டும்" என்று அதில் உள்ளது. அலீமிடமிருந்து இருபத்திரண்டாயிரத்துக்குக் கேட்பதும் இதே பதினோரு ஆண்டுதான். அவர் கையில் இருந்தால் சலுகை கிடையாது; நிறுவனத்தின் கைக்குப் போய்த் திரும்பினால் சலுகை உண்டு. என் கணவரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு விளக்கவே தேவைப்படவில்லை. "வேற ஆளு வாங்கவிடாம பண்ணிட்டா, கமிஷன் கடைக்காரன் வச்சதுதான வெல" என்றார். பருத்தி விற்றவருக்கு அது தெரியும்.

7. அந்த அலுவலகத்தில்தான் திரு. இம்மானுவேல் என்னும் ஓய்வுபெற்ற ஆசிரியரைச் சந்தித்தேன். மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்காகத் தம் உறுப்பினர் உரிமையை விற்க மூன்று மாதம் அலைந்திருக்கிறார். வந்தவர்கள் எல்லாம் சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். கடைசியில் பதினெட்டாயிரத்துக்கு நிறுவனத்திடமே எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்கான காசோலையை வாங்கத்தான் அன்று வந்திருந்தார். தொகை எழுதிய பக்கத்தைக் கையால் மறைத்துப் பிடித்திருந்தார். ஒரு செவிலியரின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

8. மறுநாள் பெயர் மாற்றக் கடிதத்தையும் துண்டறிக்கையையும் எடுத்துக்கொண்டு வில்லாபுரம் போனேன். அலீம் வேலையாக இருந்தார். இரண்டையும் அவர் மேசைமேல் வைத்து, என்னோடு ஒரு தடவை அந்த அலுவலகத்துக்கு வந்து உங்கள் காதால் கேளுங்கள், பிறகு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி என்றேன். துண்டறிக்கையை இரண்டு முறை படித்தார். கையைத் துடைத்துக்கொண்டு கடையைச் சாத்தினார்.

அலுவலகத்தில் மேலாளரிடம் அவர் முன்னிலையிலேயே கேட்டேன்: நான் விற்ற அன்று இந்த விதி இருந்ததா? இல்லை, ஆறு மாதம் கழித்து வந்தது என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். வரப்போகிறது என்று எனக்காவது தெரிவித்தீர்களா? இல்லை என்றார். வெளியே வந்து படியில் நின்று அலீம், "மன்னிச்சுக்கங்க அக்கா. அந்தக் கேள்விய நான் உங்ககிட்ட கேட்டிருக்கக் கூடாது" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான், கேட்க வேண்டிய இடம்தான் வேறு என்றேன். அன்றுமுதல் இந்த விவகாரத்தில் நாங்கள் இருவரும் ஒரே தரப்பு.

9. அதன்பின் மதுரை, உசிலம்பட்டி, விருதுநகர் பகுதிகளில் இதே நிலையில் உள்ளவர்களைத் தேடிப் போனோம். பன்னிரண்டு பேர் கிடைத்தார்கள். விலைக்கு வாங்கிச் சலுகை இழந்தோர் ஐவர்; விற்க முடியாமல் வைத்திருப்போர் மூவர்; அடிமாட்டு விலைக்கு நிறுவனத்திடம் கொடுத்தோர், ஆசிரியர் இம்மானுவேல் உட்பட, நால்வர். ஒவ்வொருவரின் எழுத்துமூல வாக்குமூலமும் இணைப்பில் உள்ளது. எல்லோரும் சேர்ந்து ஆகஸ்டு மாதம் நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினோம்.

10. அதற்கு வந்த பதில்தான் பார்வை 3இல் கண்ட கடிதம். பன்னிரண்டு பேருக்கும் பதில் இல்லை. எனக்கும் அலீமுக்கும் மட்டும் வந்தது. "சிறப்பு நேர்வாகக் கருதி" அலீமுக்கு மட்டும் எல்லாச் சலுகைகளையும் திருப்பித் தருவதாகவும், வரும் மே மாதம் ஏழு நாள் இலவச உணவுடன் தங்கலாம் என்றும், அதற்கு ஈடாக நாங்கள் இருவரும் புகாரைக் கைவிட்டு, மற்ற உறுப்பினர்களோடு இது குறித்துப் பேசுவதில்லை என்று கையெழுத்திட வேண்டும் என்றும் அதில் உள்ளது.

இதை மறைக்காமல் சொல்கிறேன்: எனக்குச் சபலம் தட்டியது. நான் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டுவிடும். சைனபுக்கு அவர் கேட்ட அந்த ஒரு வாரம் கிடைத்துவிடும். என் வேலை முடிந்தது என்று எழுந்திருக்கலாம். அலீம் கடையில் மூவரும் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தோம். அலீம் கடிதத்தை மனைவியிடம் நீட்டினார். முடிவை மனைவியிடம் விட்டுவிட்டார் என்பது தெரிந்தது. சைனப் கடிதத்தை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"இதுல இம்மானுவேல் சார் பேரு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

எங்கேயும் இல்லை. நான் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். நாங்கள் இருவரும் கையெழுத்திட வேண்டிய இடங்கள் காலியாக உள்ள அந்தக் கடிதத்தை, வந்தபடியே, இணைப்பு 7ஆகச் சமர்ப்பித்துள்ளேன்.

11. ஆகவே கீழ்க்கண்ட நடவடிக்கைகளை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்:

அ) சுற்றறிக்கைக்கு முன்பே பெயர் மாற்றம் பெற்றவர்களுக்கு, ஒப்பந்தத்தில் உள்ளபடி அனைத்துச் சலுகைகளும் தொடர வேண்டும் என்று நிறுவனத்துக்கு அறிவுறுத்த வேண்டும்.

ஆ) சுற்றறிக்கைக்குப் பிறகு குறைந்த விலைக்கு நிறுவனம் திரும்ப வாங்கிய உரிமைகளின் பட்டியலையும், அவற்றை யாருக்கு, என்ன விலைக்கு, என்ன சலுகையுடன் மறுபடி விற்றது என்பதையும் கேட்டுப் பெற வேண்டும். மற்றதையெல்லாம் அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

இ) விசாரணை முடியும்வரை அவ்வாறு வாங்குவதையும் விற்பதையும் நிறுத்திவைக்கத் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதைச் செய்ய வேண்டும், அதற்கு மேற்பட்டதை உரிய அமைப்புக்குத் தங்கள் குறிப்புடன் அனுப்ப வேண்டும்.

ஈ) நிறுவனத்தின் மேலாளரையும் எங்களையும் ஒரே நாளில், ஒரே அறையில் அழைத்து விசாரிக்க வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் தனித்தனியே வழக்குத் தொடுக்கும் வழி எங்களுக்குத் தெரியும். ஒருவர் பின் ஒருவராக அலைந்து, ஒருவர் பின் ஒருவராகச் சலித்துப்போவோம் என்று நிறுவனம் எதிர்பார்ப்பதும் தெரியும். அதனால்தான் முதலில் தங்களிடம், ஒரே தாளில், எல்லோருமாக வந்திருக்கிறோம்.

இந்த மனுவை நாங்கள் தபாலில் அனுப்பவில்லை. இன்றைய குறைதீர் நாளில் பதினான்கு பேரும் நேரில் வந்திருக்கிறோம். எங்களுடன் வந்த என் கணவர் ஊன்றுகோலுடன் படியேற முடியாமல் கீழே காத்திருக்கிறார்; அவரைச் சேர்த்தால் பதினைந்து பேர். மனு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொண்ட பிறகே திரும்புவோம் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேற்கண்ட யாவும் நான் கண்டதும் கேட்டதும் செய்ததும் என உறுதிகூறி,

க. ரெங்கம்மாள் (ஒப்பம்)
விற்றவர்

அப்துல் அலீம் (ஒப்பம்)
வாங்கியவர்

மற்றும் பன்னிரண்டு பேர் (ஒப்பங்கள் பின்பக்கத்தில். முதல் ஒப்பம்: ஆசிரியர் இம்மானுவேல், ஓய்வு)

இடம்: மதுரை
நாள்: 24.11.2025