சரஸ்வதிக்கு முன்னால் ரைபிள்

23.10.1993, சனி இரவு

என் செமி ஓட்டோமெற்றிக் ரைபிளைச் சரஸ்வதி பூசையில் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். ரைபிள், ஷொட்கன், பிஸ்டல் மூன்றாலும் சுடுகிற போட்டி நாளைக்கு. கிட்ட உள்ளதும் தூர உள்ளதும் தெளிவாகத் தெரிய ஒரு ஸ்கோப் தேடிப் பூட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. சுடமுடியாதபடி போல்ட்டைக் கழற்றி அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் ரைபிளுக்குச் சந்தனம் வைத்தேன்.

மாலையில் வந்த என் கணவரின் அக்கா பூசை அறையில் அதைக் கண்டதும் கத்தினார்.

"எடும் அதை! இதுக்குப் பயந்துதானே ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்தனாங்கள்?"

"ஓம் மச்சாள். அப்ப அது வேற ஆக்களின்ர கையில இருந்தது."

மச்சாள் தானே எடுக்கப் போனார். சற்று முன்னர்தான் என் மகள் கணக்குக் கொப்பியை எடுக்க எழும்ப, மச்சாள் கூடத்தில் இருந்தபடியே "பூசையில வைச்சதை விடியும்வரை தொடக்கூடாது" என்று அதட்டியிருந்தார். அதே சொல்லை அவருக்கே திருப்பிச் சொன்னேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

நாளை விஜயதசமி. பிள்ளைகள் புத்தகத்தை எடுத்து முதல் வரியை வாசிப்பார்கள். நான் ரைபிளை எடுத்துக்கொண்டு போட்டிக்குப் போவேன். சந்தனத்தைத் துடைக்கமாட்டேன்.