கண்ணாடிக்கு வெளியே

காஜா பேராங், மலாக்கா
12.10.1957

அன்புள்ள அத்தானுக்கு, சிவகாமி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமல் தணிந்ததா? தேவகி அழாமல் தூங்குகிறாளா? நான் நலம்.

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. குறைமாதப் பிள்ளை பெற்ற, மலாய் மட்டும் பேசும் கம்போங் செட்டிக் கிராமத்துப் பெண் ஒருத்தி, தன் கைக்குட்டையைப் பிள்ளை பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கெஞ்சினாள். அழுக்கென்று திட்டி, அவளைக் குறைமாதப் பிள்ளைகள் அறைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தினேன். பிள்ளை பாலே குடிக்கவில்லை. கடைசியில் எங்கள் தலைமை நர்ஸ், பெரிய மிஸ்ஸி, அவளை உள்ளே விட்டார். மார்பில் சாய்த்ததும் அழுகை அடங்கிக் குடித்தது. "என் வாசனை அதுக்குத் தெரியும், மிஸ்ஸி" என்றாள் மலாயில். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பால்குடி மறக்குமுன் தேவகியை உங்களிடம் விட்டு வந்தவள்தானே நான்.

இத்துடன் நான் உடுத்திய சேலையில் ஒரு துண்டு வைத்திருக்கிறேன். அவள் தலைமாட்டில் போடுங்கள். டூட்டிக்கு மணி அடித்துவிட்டது. அத்தான், அதைத் துவைத்துவிடாதீர்கள்.

சிவகாமி