நெல்லுச் சுணை

பெப்ரவரி 3, திங்கள்

இன்றோடு பருப்பும் நின்றது. முட்டை, மீன், கத்தரிக்காய், தக்காளி எல்லாம் முதலே போய்விட்டன. தேனுகாவுக்கு ஐந்து மாதம். அவளுடைய கன்னமும் முழங்கை மடிப்பும் சிவந்து, வெடித்து, நீர் கசிகிற ஒவ்வொரு முறையும் என் சோற்றுக் கோப்பையில் ஒரு கறி குறைகிறது.

"இது கிரந்தி. தாய் தின்னுறதுதான் பாலுக்கால பிள்ளைக்குப் போகுது" என்கிறா நாகேஸ்வரி மச்சாள். இவருடைய அக்கா, இரண்டு வீடு தள்ளி இருக்கிறா. மூன்று பிள்ளைகளை வளர்த்தவா. நான் ஒன்றையே சொறிய விட்டு வைத்திருக்கிறேன். அதனால் அவா சொன்னால் சொன்னதுதான்.

பெப்ரவரி 5

இவருடைய பழைய சாரத்தைக் கிழித்துப் பிள்ளைக்குக் கையுறை தைத்தேன். கழற்றி எறிந்துவிட்டுச் சொறிகிறாள். இந்தப் பலம் இவளுக்கு எங்கிருந்து வருகிறது? எனக்குக் கொஞ்சம் தந்தால் நல்லது.

பெப்ரவரி 9, ஞாயிறு

இவர் கெட்டவர் இல்லை. வயலில் இருந்து வந்ததும் முதல் வேலை பிள்ளையைத் தூக்குவது. இடது தோளில் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் நடப்பார். என்னிடம் வீறிட்டு அழுதவள் அங்கே அடங்கிவிடுவாள். பிறகு கன்னத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகு என்னைப் பார்ப்பார்.

"நேற்று என்ன சாப்பிட்டனீர்?"

"சோறும் பயத்தங்காயும்."

"வேற?"

வேறென்ன, உங்கள் அக்காவின் புத்திமதி. இதை நான் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பெப்ரவரி 13, வியாழன்

ஒரு காரியம் செய்துவிட்டேன். மீன்காரர் வாசல் படலையில் கோர்ன் அடித்தார். மச்சாள் கோயிலுக்குப் போயிருந்தா. இவர் வயலில். கால் கிலோ இறால் வாங்கிப் பிரட்டி, குசினிக்குள் நின்றபடியே தின்றேன். கோதுகளைத் தென்னைக்கடியில் புதைத்தேன். சொந்த வீட்டில் களவெடுத்துத் தின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் ருசியாக இருந்தது. அதைப் பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் வயலில் நெல் வெட்டு மெசின் இறங்கியதும் இன்றைக்குத்தான். இவர் பொழுதுபட வந்து, வயலில் போட்டிருந்த சேட்டோடேயே பிள்ளையைத் தூக்கி, "இந்த முறை நல்ல விளைச்சலடி, குஞ்சு" என்று அவளுக்குச் சொன்னார். அவருடைய சந்தோஷத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்.

பெப்ரவரி 14

முகம் முழுக்க. கழுத்து, காது, எல்லா இடமும். நீர் வடியுது. சொறிஞ்சு சொறிஞ்சு தலையணை எல்லாம் இரத்தம். நான்தான். என்ரை வாய்தான். ஒரு நேர ஆசைக்காக — நானும் ஒரு தாயோ?

"என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டார். சோறும் பயத்தங்காயும் என்றேன்.

மச்சாள் கிரந்தி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து பூசினா. பிள்ளை துடித்தது. இன்னும் சிவந்தது.

பெப்ரவரி 17

சோறு, உப்பு. பயத்தங்காயையும் விட்டுவிட்டேன். பால் குறைகிறது. அவள் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அழுகிறாள்.

பெப்ரவரி 20, வியாழன்

கிளினிக்கில் நிறை பார்த்தார்கள். போன மாதம் இருந்த அதே நிறை. நான் எழும்பும்போது தலை சுற்றி, பக்கத்து வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். மிட்வைஃப் மிஸ் என் கண் இமையை இழுத்துப் பார்த்தா.

"என்ன சாப்பிடுறனீங்கள்?"

இந்தக் கேள்வியை யாரும் இப்படி என் பக்கம் நின்று கேட்டதில்லை. அழுதுவிட்டேன். இறால் தின்றதையும் சொல்லிவிட்டேன்.

"அதுக்கே இந்தத் தண்டனை? நீங்கள் சாப்பிடாட்டிப் பிள்ளை என்னத்தைக் குடிக்கிறது?" என்று சொல்லி, கிளிநொச்சித் தோல் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தா.

பெப்ரவரி 25, செவ்வாய்

நெல்லை அப்படியே போட்டுவிட்டு இவரும் வந்தார். டொக்டர் பிள்ளையை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தா. வலக் கன்னம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்று கேட்டா. எனக்குத் தெரியவில்லை. பிறகு இவரைப் பார்த்து, வீட்டில் தூக்குவது மாதிரித் தூக்கச் சொன்னா. இவர் தோளில் சாய்த்தார். வலக் கன்னம் சேட்டில் போய்ப் பதிந்தது.

"என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"கமம், டொக்டர். நெல் வயல்."

"இப்ப வெட்டு நடக்குதோ?"

"ஓம். நேராய் வயலுக்காலதான் வந்து தூக்கிறனான்."

அதைச் சொல்லி முடிய முதலே இவருக்கு விளங்கிவிட்டது. சுணை. நெல் வெட்டும்போது பறந்து, பெரியவர்களையே சொறிய வைக்கிற தூசி. அதை ஒவ்வொரு பின்னேரமும் தோளில் சுமந்து வந்து பிள்ளையின் கன்னத்தில் தேய்த்திருக்கிறோம். என் கோப்பையை எல்லாரும் பார்த்தோம். இவர் போட்டிருந்த சேட்டை ஒருவரும் பார்க்கவில்லை.

பிறவியிலேயே வறண்ட தோல், யாருடைய குற்றமும் இல்லை, சுணை அதைக் கிளறிவிடும், அவ்வளவுதான் என்றா டொக்டர். நாளுக்கு நாலைந்து தரம் களிம்பு பூச வேண்டும். எண்ணெய் வேண்டாம். தாய் எல்லாம் சாப்பிடலாம்.

பஸ்ஸில் இவர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு யன்னல் பக்கம் தள்ளி இருந்தார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷம்தான்.

மார்ச் 1, சனி

மச்சாள் நம்பவில்லை. "எங்கடை அப்பாவும் சுணையோடதான் எங்களைத் தூக்கினவர். எங்களுக்கு என்ன வந்தது?"

"எனக்குத் தெரியாது மச்சாள். உங்கடை தம்பியைக் கேளுங்கோ. அவர்தானே செய்தவர்."

இவர் அங்கேதான் நின்றார். நெல் மூட்டைப் பக்கம் போய்விட்டார்.

மார்ச் 4

கன்னம் காய்ந்து வருகிறது. நான் முட்டை சாப்பிட்டேன். பிள்ளை மத்தியானம் இரண்டு மணித்தியாலம் தூங்கினாள்.

இவர் அவளைத் தூக்குவதில்லை. கிணற்றடியில் சவர்க்காரம் கரையும்வரை குளிக்கிறார். உடுப்பு மாற்றுகிறார். பிறகு வாசலில் நின்று பார்க்கிறார். அவள் கையை நீட்டி அழுதாலும் கிட்ட வருவதில்லை.

"குளிச்சிட்டீங்கள்தானே, தூக்குங்கோவன்."

"வேண்டாம். என்னாலதானே வந்தது."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அதோடு சோறு தின்றவள் நான். அவரும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று நினைத்திருந்தேன். அனுபவிக்கிறார். பார்க்க முடியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெட்டு முடிந்து நெல்லும் விற்றுப் போய்விட்டது. இவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். போய் முன்னால் நின்றேன்.

"மெசின் வந்த அண்டைக்கு நான் இறால் திண்டனான். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு?"

"கால் கிலோ."

"கால் கிலோவையும் ஒரு ஆளாவோ?"

சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இனி ஆளுக்காள் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருடைய குரலும் கேட்டது.

மார்ச் 27, வியாழன்

காலையில் முழங்கை மடிப்பு இரண்டும் சிவந்திருந்தன. கன்னத்திலும் கொஞ்சம். வயலில் வேலை இல்லை. நான் நேற்றுப் புதிதாக ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு காரணமும் இல்லை. சும்மா வந்திருக்கிறது. மறுபடியும் முதலில் இருந்தா?

இவர் வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"களிம்பை எங்கை வைச்சனீர்?"

அலுமாரியின் மேல்தட்டில் என்றேன். எடுத்து வந்தார். அவர் பிள்ளையின் கையைப் பிடிக்க, நான் பூசினேன்.