துண்டப்பாவின் ஏழு மணித் தூக்கம்

மார்ச் 3
இவர் காலை பதினொரு மணிக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தார். முந்தாநாள் விடிகாலை பஸ், நேற்று ராத்திரி பஸ், இன்று நாலு மணிக்கு மறுபடி. ஹூப்ளியில் வேறெந்த டிரைவருக்கு இப்படி? பஸ் கம்பெனியில் யாருக்கு எந்த வண்டி என்று டியூட்டி எழுதும் துண்டப்பாவின் தப்பை இவர் ஒரு தடவை முதலாளி முன்னால் சொல்லிவிட்டார். அதிலிருந்து இப்படித்தான்.

மார்ச் 6
இவருக்குச் சர்க்கரை 290. டாக்டரம்மா சொன்னார்: "மாத்திரை மட்டும் போதாதும்மா. தினம் ஒரே நேரத்துல படுக்கணும், ஒரே நேரத்துல எழுந்திருக்கணும்."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் துண்டப்பா வீடு. போய்க் கெஞ்சினேன். பல்லைக் குத்திக்கொண்டே பேசினான்: "நீலக்கா, என்னைப் பாருங்க. ராத்திரி ஏழு மணிக்குப் படுத்தா விடிகாலை மூணு மணிக்கு எழுந்திருப்பேன். பதினெட்டு வருஷமா மாறினதில்ல. ஒரு மாத்திரை கிடையாது. உங்க வீட்டுக்காரருக்கு ஒழுங்கு போதாது."

ஒழுங்கா? என் புருஷன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு ஒழுங்கு பேசுகிறான். 

மார்ச் 7
ஏழு மணியா? சரி.

மார்ச் 9
கானாவளிச் சாப்பாட்டுக் கடைக்குத் தினம் நூறு சோள ரொட்டி தருவதாகப் பேசிவிட்டேன். அடுப்பை அவன் சுவரை ஒட்டி மாற்றினேன். ராத்திரி ஏழு மணிக்குப் பலகை முன்னால் உட்கார்ந்தேன். சோள மாவைக் கையால் அடித்துத்தானே விரிக்க வேண்டும்? பட் பட் பட் — பதினொரு மணிவரை. தோள் விட்டுப்போனது. மனசு குளிர்ந்தது.

மார்ச் 15
துண்டப்பா பெண்டாட்டி வந்தாள். "அக்கா, பகல்ல தட்டக் கூடாதா? ஏழு மணி தப்பினா அவருக்கு அப்புறம் தூக்கமே வராது, விடிய விடிய உக்காந்தே இருக்காரு."

"பகல்ல அடுப்படி கொதிக்குது தங்கச்சி. என்னால ஆகாது."

பொய். இவர் ராத்திரி வீட்டில் தூங்கும் நாளில் பகலிலேயே முடித்துவிடுகிறேன்.

மார்ச் 21
குழாயடியில் அவன் குடத்தைத் தவறவிட்டான். கண்ணுக்குக் கீழே பை. இன்னும் வேணும் அவனுக்கு.

மார்ச் 27
இவர் ராத்திரி வண்டி முடிச்சு நாலு மணிக்கு இறங்கியிருக்கார். துண்டப்பா தூக்கக் கலக்கத்துல அதை மறந்து, அஞ்சு மணி வண்டிக்கும் இவர் பேரையே எழுதிட்டான். இவரும் வம்பு எதுக்குன்னு ஏறிட்டார். பைபாஸ்ல கண் அசந்து பாலத்துச் சுவர்ல மோதிட்டார். யார் உயிரும் போகல. ஒரு பொண்ணுக்குக் கை முறிஞ்சுபோச்சு. லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. நானா? நானா செஞ்சேன்?

மார்ச் 29
விசாரணை முடிந்து வந்தார். முதலாளி முன்னால் துண்டப்பா அழுதானாம்: "பதினெட்டு நாளா கண்ணே மூடல சாமி. பக்கத்து வீட்ல ரொட்டி தட்டுறாங்க. யாரு வந்தா, யாரு போனான்னு புத்தியில நிக்கல."

இவர் அடுப்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் இருந்தா மட்டும் பகல்ல தட்டிடுவே, இல்ல?" என்றார். ரொட்டிப் பலகையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மே 2
ஒன்பதுக்குப் படுக்கிறார், ஐந்துக்கு எழுகிறார். ஒரு நாள் தவறவில்லை. சர்க்கரை 150. டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "எப்படிங்க இவ்வளவு ஒழுங்கா தூங்குறீங்க?" என்று கேட்டார்.

"வேலை இல்லீங்க" என்றார் இவர். வீடு வந்து சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.