பாங்குக்கு முன்னால்

மகளிர் அரபிக் கல்லூரி விடுதி
22 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு, ஃபர்ஹீன் எழுதும் ஸலாம்.

நீங்களும் அத்தாவும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் துஆ செய்கிறேன். இங்கே போன் வைத்துக்கொள்ளக் கூடாதாம். இனிமேல் கடிதம்தான். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கண் விழித்ததும் ஓதும் துஆவைப் பாடமாக்கிவிட்டேன். 'எங்களை மரணிக்கச் செய்த பிறகு உயிர் கொடுத்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்' என்று அர்த்தம். தூக்கம் ஒரு சின்ன மவுத்தாம். திரும்பக் கிடைத்த உயிருக்கு முதல் வேலையாக நன்றி சொல்லிவிட்டு விடியலிலேயே சுபுஹு தொழுதால், அன்றைக்கு முழுக்க மனசு லேசாக இருக்கிறது.

அத்தாவுக்கு மட்டும் இது கிடைக்க வேண்டாமா? புரோட்டாக் கடையை மூடிவிட்டு வந்து படுத்தால், கூடலூர் பஸ் ஹாரன் அடிக்கிற வரைக்கும் குறட்டைதானே! எழுப்பிப் பள்ளிவாசலுக்கு அனுப்புங்கள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்
ஃபர்ஹீன்


ஸ்ரீமதுரை, கூடலூர்
4 ஜூலை 2025

என் கண்ணு ஃபர்ஹீனுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நீ அங்கே உட்கார்ந்து சட்டம் போடுகிறாய், இங்கே பாடு எனக்கு. "ஏனுங்க, மகள் உத்தரவு வந்திருக்குது" என்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அத்தா கேட்டுவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். மறுநாள் பார்த்தால் எனக்கு முன்னால் எழுந்து, வெந்நீர் வைத்து, முகம் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருக்கிறார்! அந்தத் துஆவை வேறு ஊரே எழும்புகிற மாதிரி ஓதுகிறார். பாதி வார்த்தையைப் புரோட்டா மாவோடு பிசைந்துவிடுகிறார். நான் சிரித்தால், "எம் மகள் வந்து திருத்தட்டும், நீ சும்மா இரு" என்கிறார்.

எனக்கு யானைப் பயம்தான். பலாப்பழ வாசனைக்கு இறங்கிவிட்டன. பள்ளிவாசல் மோதினார் பாங்கு சொல்லித் தொழுகைக்குக் கூப்பிடும் முன் பாதையில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். யானை நின்றால், "ஊட்டுலயே தொழுதுக்குங்க" என்று மைக்கில் சொல்லிவிடுவார். அத்தா பாங்கைக் கேட்ட பிறகுதான் வாசலைத் தாண்டுகிறார்.

ஊரில் எல்லோரும் பலாவைப் பிஞ்சிலேயே வெட்டித் தள்ளிவிட்டார்கள். பக்கத்து வீட்டு முத்துவேல் அண்ணன் நம்முடையதையும் வெட்டித் தந்தார். பள்ளிக்குப் போகிற பாதை வளைவில் இருக்கிற நம் மரத்தில் மட்டும் இரண்டை விட்டுவைக்கச் சொன்னேன். "வேண்டாங்க தங்கச்சி" என்றார். லீவுக்கு வரும்போது நீ தின்ன வேண்டாமா?

அம்மா
ஜெய்புன்னிசா


விடுதி
13 ஜூலை 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டேன். எங்க அத்தா சுபுஹுக்குப் பள்ளிக்குப் போகிறார் என்று ஒரே பெருமை எனக்கு.

இன்னொன்றும் சொல்லுங்கள். பாங்குக்கு முன்னாலேயே போய் முதல் வரிசையில் உட்காருகிறவருக்கு நன்மை அதிகம். இருட்டில் பள்ளிக்கு நடப்பவர்களுக்கு மறுமையில் முழு ஒளி உண்டு என்று ஹதீஸே இருக்கிறது. யானைக்குப் பயப்படுகிற ஊரா நம்மூர்? அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்.

பலாவை வெட்டிவிடாதீர்கள். நினைத்தாலே நாக்கு ஊறுகிறது.

ஃபர்ஹீன்


விடுதி
24 ஆகஸ்ட் 2025

அம்மா, ஸலாம்.

முன்பு எழுதியதற்கும் பதில் வரவில்லை. வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தாவில் இருக்கிறீர்கள், தபாலுக்கு யாரை அனுப்புவீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அத்தாவின் மையித்தைப் பார்க்க நான் வந்தபோது முகத்தை மட்டும்தான் திறந்து காட்டினார்கள். நீங்கள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. நான் கிளம்பும்போதும் உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. மைக்கில் யானை என்று சொன்னபோது அத்தா வீட்டிலேயே இல்லை என்று முத்துவேல் மாமா சொன்னார். பாங்குக்கு முன்னால் போகச் சொன்னது நான்தானே?

இங்கே விடியலில் எல்லோரும் அந்தத் துஆவை ஓதுகிறார்கள். நான் வாயை மட்டும் அசைக்கிறேன். நன்றி சொல்ல வரவில்லை அம்மா. அத்தாவை நான்தான் கொன்றேனா? ஒரு வரி எழுதுங்கள். ஆமாம் என்றாலும் எழுதுங்கள்.

ஃபர்ஹீன்


ஸ்ரீமதுரை
14 செப்டம்பர் 2025

ஃபர்ஹீன்,

ஆமாம் என்றுதான் நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தால் வாயில் வந்துவிடும் என்றுதான் உள்ளேயே கிடந்தேன்.

அன்றைக்கு அத்தா, "முதல் வரிசை எனக்குத்தான், மகளுக்கு எழுதிப் போடு" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மைக் கரகரத்தது. "அமீர் பாய் ஊட்டுப் பலாவடியில யானை நிக்குது. யாரும் வெளிய வராதீங்க."

கேட்டாயா, யார் வீட்டுப் பலா என்று? ஊரில் வேறெந்த மரத்திலும் பழம் இல்லை. உனக்கென்று நான் விட்டுவைத்தது மட்டும் பழுத்து மணந்தது. அவர் கிடந்த இடமெல்லாம் சுளை. நீ அவரை அனுப்பினாய் என்றால், அதை அங்கே வரவழைத்தது நான். இது எனக்கு உறைக்க இத்தனை நாளாயிற்று பார். இனிமேல் நீ என்னைக் கேட்காதே, நானும் உன்னைக் கேட்கமாட்டேன்.

மரத்தை முத்துவேல் அண்ணன் அடியோடு வெட்டிவிட்டார்.

அத்தா சத்தமாக ஓதி ஓதி அந்தத் துஆ எனக்கும் பழகிவிட்டது, அவருடைய தப்போடு. கண் விழித்ததும் வாய் தானாக நன்றி சொல்லிவிடுகிறது. பிறகு பக்கத்துப் பாயைத் தடவும்போதுதான் நினைவு வருகிறது. அதற்கப்புறம் நன்றி வருவதில்லை. அழுதுகொண்டேதான் தொழுகிறேன். அல்லாஹ் எதை ஏற்றுக்கொள்வானோ, தெரியவில்லை.

லீவுக்கு வா. நான் ஓதுவது உன் காதில் விழும். திருத்திவிடாதே. அந்தத் தப்பு அப்படியே இருக்கட்டும்.

அம்மா